ஷெர்ப்பாவின் துணையோடு எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: புறப்படுவது முதல் திரும்புவது வரை

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர். நேபாளத்தில், எவரெஸ்ட் ஏறுபவர்களின் அடிவார முகாமான பேஸ் கேம்ப்புக்குப் போகும் நடைபயணம் தொடங்கும் லுக்லா ஊரோ 2,850 மீட்டர் அளவில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஏறிய உயரத்துக்கும் மேலேதான் இந்தப் பாதையின் முதல் அடியே விழும். அங்கிருந்து இன்னும் 2,500 மீட்டர் ஏறி, கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதியே கிடைக்கும் 5,364 மீட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

கயிறோ பனிக்கோடரியோ தேவையில்லை. நல்ல உடல்நலத்தோடு நாளுக்கு ஆறேழு மணி நேரம் நடக்க முடிந்தால் போதும். ஆனால் எவ்வளவு மெதுவாக நடப்பது, எங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது, எப்போது திரும்பிவிடுவது ஆகிய மூன்றையும் சரியாகச் சொல்ல ஓர் ஆள் கூட வேண்டும். அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயணத்திலேயே பெரிய வேலை. அதனால் இங்கே பூட்ஸுக்கும் ஜாக்கெட்டுக்கும் கொடுப்பதைவிட அதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

1. யாரோடு போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நேபாளத்தின் முதல் ட்ரெக்கிங் நிறுவனத்தை 1964-ல் தொடங்கியவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. அந்தக் காலத்தில் எவரெஸ்ட் பகுதியின் மலைமக்களான ஷெர்ப்பாக்கள் கூலிக்கு வந்தவர்கள், முதலாளி வெளியூர்க்காரர். இன்று நிலைமை மாறிவிட்டது. எவரெஸ்ட் உச்சிப் பயணங்களில் பெரும்பங்கை நேபாளிகளுக்குச் சொந்தமான நிறுவனங்களே நடத்துகின்றன. 2021 ஜனவரி 16 அன்று, குளிர்காலத்தில் யாருமே தொட்டிராத, உலகின் இரண்டாவது உயரமான கே-2 உச்சியைப் பத்து நேபாளிகள் சேர்ந்து தொட்டார்கள்; அவர்களில் ஒன்பது பேர் ஷெர்ப்பாக்கள். முன்பு மேலே ஏறி உழைத்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது சொந்தமாக நிறுவனம் வைத்திருக்கிறார்கள். அவர்களிடமே நேராகப் பேசிப் பயணத்தை ஏற்பாடு செய்ய முடியும்.

ஏன் நேராக? நம் ஊரிலோ வேறு நாட்டிலோ ஒரு ஏஜென்சியில் பணம் கட்டினால், அவர்கள் காத்மாண்டுவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு வேலையைக் கைமாற்றுவார்கள். அந்த நிறுவனம் ஒரு கைடை நாள்கூலிக்கு அமர்த்தும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பணம் நின்றுவிடும். அதைவிட முக்கியமாக, மலையில் உங்களோடு நடப்பவருக்கு ஒரு நாளைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் இருக்காது. உங்களுக்குத் தலை வலிக்கிறது, வழியில் உள்ள டிங்போசே ஊரில் இன்னொரு இரவு தங்கவேண்டும் என்றால், அவர் யாரிடமோ போனில் கேட்க வேண்டியிருக்கும். உரிமையாளரோ அவருடைய தம்பியோ மருமகனோ கூட நடந்தால் அந்த முடிவு லாட்ஜின் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட நிறுவனத்தைக் கண்டுபிடித்தபின் சரிபார்க்க வேண்டியவை இவை. நேபாளச் சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா? நிறுவனப் பதிவில் உரிமையாளர் பெயர் என்ன? டான் எனப்படும் ட்ரெக்கிங் நிறுவனங்கள் சங்கத்தில் உறுப்பினரா? ஆவணங்களின் படத்தைக் கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் தயங்கமாட்டார். அடுத்து, முன்பணம் அனுப்பும் முன்பே உங்களோடு வரப்போகும் கைடின் பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள். பெயர் மட்டும் போதாது. ஷெர்ப்பாக் குடும்பங்களில் பிறந்த கிழமையின் பெயரையே குழந்தைக்கு வைப்பது பரவலான வழக்கம்: ஞாயிறு நீமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பாசாங், சனி பெம்பா. பாசாங் ஷெர்ப்பா என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எண்தான் ஆளை உறுதிப்படுத்தும்.

அந்தக் கைடோடு ஒருமுறை வீடியோவில் பேசிவிடுங்கள். அவருடைய ஆங்கிலமோ இந்தியோ உங்களுக்குப் புரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அல்ல. "எனக்கு லோபுசேயில் வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "மாத்திரை தருவேன், சமாளித்துவிடலாம்" என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். "அன்றைக்கு மேலே ஏறமாட்டோம், குறையாவிட்டால் கீழே இறங்குவோம்" என்பவரோடு நம்பிப் போகலாம். பிறகு கைடுக்கும் சுமை தூக்கும் போர்ட்டருக்கும் தினக்கூலி என்ன, அவர்களுடைய சாப்பாடும் படுக்கையும் உங்கள் கட்டணத்துக்குள் வருகிறதா, அவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. சலுகைபோல யாராவது பேசினால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். லாட்ஜ் வாடகையையும் விமானக் கட்டணத்தையும் பெர்மிட்டையும் யாரும் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது போர்ட்டரின் கூலியும் பயணத்தின் நாட்களும்தான். இரண்டையுமே குறைக்கக் கூடாது.

இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளத்தில் வெளிநாட்டு மலையேற்றப் பயணிகள் கைடு இல்லாமல் போகக்கூடாது என்று சுற்றுலா வாரியம் அறிவித்தது. இந்தப் பாதை செல்லும் கும்பு பகுதியின் உள்ளாட்சி அதைத் தன் எல்லையில் நடைமுறைப்படுத்தவில்லை. ஆகவே தனியாக நடக்கும் ஆட்களையும் பாதையில் பார்ப்பீர்கள். ஆனால் இந்த உயரம் பழகாத ஒருவர் முதல்முறை கைடு இல்லாமல் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

2. பாதையும் நாட்களும்

மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையிலும்தான் காலம். ஏப்ரலில் கீழ்ப்பகுதிக் காடுகளில் ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும். அக்டோபர், நவம்பரில் வானம் துல்லியமாக இருக்கும், கூட்டமும் அதிகம். ஜூன் முதல் மழைக்காலம்.

வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்:

முதல் நாள்: லுக்லா விமானம், பாக்டிங் (2,610 மீ.)
2: நாம்சே பஜார் (3,440 மீ.)
3: நாம்சேயில் ஓய்வு
4: தெங்போசே (3,860 மீ.)
5: டிங்போசே (4,410 மீ.)
6: டிங்போசேயில் ஓய்வு
7: லோபுசே (4,940 மீ.)
8: கோரக் ஷெப் (5,164 மீ.), அங்கிருந்து பேஸ் கேம்ப் போய்த் திரும்பல்
9: காலா பத்தர் ஏறி இறங்கி ஃபெரிசே
10: நாம்சே
11: லுக்லா
12: காத்மாண்டு

3,000 மீட்டருக்கு மேல் ஒவ்வோர் இரவும் படுக்கும் உயரம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. மேலே உள்ள எண்களைக் கழித்துப் பாருங்கள். பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர். தெங்போசேயிலிருந்து டிங்போசேக்கு 550. இந்த அட்டவணை தன் ஓய்வு நாட்களை நம்பித்தான் நிற்கிறது. அதில் ஒன்றைக் கழித்து "பத்து நாளில் பேஸ் கேம்ப்" என்று விற்பதை வாங்காதீர்கள்.

என் யோசனை, இன்னும் ஒன்றிரண்டு இரவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம்சேக்கு அடுத்து பேஸ் கேம்ப் பாதையை விட்டு மேற்கே திரும்பினால் தாமே வரும், சுமார் 3,800 மீட்டர். டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர் அது. எவரெஸ்ட்டில் அதிகமுறை ஏறியவரான காமி ரீத்தா ஷெர்ப்பாவின் ஊரும் அதுதான். 2024 ஆகஸ்ட் 16 அன்று மேலே இருந்த பனிப்பாறை ஏரி உடைந்து வந்த வெள்ளம் அங்கே வீடுகளையும் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் அடித்தது. அங்கே ஓர் இரவு தங்கினால் உடலும் உயரத்துக்குப் பழகும், மறுபடி எழுந்துகொண்டிருக்கும் ஊரின் லாட்ஜுக்கும் உங்கள் பணம் போகும். உள்ளூர்க்காரர் நடத்தும் நிறுவனம் இந்த மாற்றத்துக்கு முகம் சுளிக்காது.

இவை எல்லாவற்றுக்கும் மேல், ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானம் நிற்கும். அது எவர் கையிலும் இல்லை.

3. ஆவணம், பெர்மிட், காப்பீடு

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதாரை நம்பிப் போகாதீர்கள். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா வாங்கிக்கொள்ளலாம். 30 நாள் விசாவாக எடுங்கள். 15 நாள் போதாது.

கும்புவில் இரண்டு கட்டணம். ஒன்று, கும்பு பாசாங் லாமு ஊரக நகராட்சிக்கு, லுக்லாவிலேயே கட்டலாம். எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண் பாசாங் லாமு ஷெர்ப்பாவின் பெயர் அது. 1993 ஏப்ரலில் உச்சியைத் தொட்டு இறங்கும்போது அவர் இறந்தார். லுக்லாவை விட்டுக் கிளம்பும்போது அவர் நினைவாக நிற்கும் வளைவின் கீழேதான் நடப்பீர்கள். மற்றொன்று, 1976-ல் உருவான சாகர்மாதா (எவரெஸ்ட்டின் நேபாளப் பெயர்) தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டு, மோஞ்சோ வாசலில். இந்தியா, இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாயும் அதன்மேல் 13% வரியும். மற்ற வெளிநாட்டவருக்கு இதைப்போல இரண்டு மடங்கு. இந்திய ரூபாய் ஒன்றுக்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம்.

காப்பீட்டில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: 6,000 மீட்டர் வரை நடைபயணத்துக்குப் பொருந்துகிறதா, ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா. சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பெரும்பாலும் இரண்டையும் விலக்கியிருக்கும். 2018-ல் நேபாள அரசு நடத்திய விசாரணையில், லேசான உடல்நலக் குறைவுக்கெல்லாம் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணத்தைப் பங்குபோட்ட மோசடி வெளிவந்தது. ஹெலிகாப்டர் அழைக்கும் நிலை வந்தால் கைடு, நீங்கள், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

4. உடலைத் தயார்படுத்துவது

மூன்று மாதம் கொடுங்கள். ஓட்டம் நல்லதுதான், ஆனால் இங்கே கேட்கப்படுவது வேகம் அல்ல. நாள் முழுக்க ஏறி, மறுநாளும் எழுந்து ஏறும் பொறுமை. முதுகில் ஆறேழு கிலோ பையோடு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். வார இறுதியில் வெள்ளியங்கிரி, பர்வதமலை, கொல்லிமலை என்று பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஏறுங்கள். இறங்கும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முழங்கால் தேய்வது இறக்கத்தில்தான்.

இதய நோய், ஆஸ்துமா, ரத்தச் சோகை, சர்க்கரை இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்து அவர் சம்மதித்தால் மட்டும் போகவேண்டும். அதே சந்திப்பில் அசெட்டசோலமைடு பற்றியும் கேளுங்கள். டயாமாக்ஸ் என்று மருந்துக்கடையில் கிடைக்கும். உயரம் பழக உதவ, வழக்கமாக 125 மில்லிகிராம் காலையும் மாலையும் தருவார்கள். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள், மலையில் முதல்முறை வேண்டாம்.

5. என்ன எடுத்துப்போவது

லுக்லா விமானத்தில் வழக்கமாக 15 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள், கைப்பையும் அதில் அடக்கம். அது நல்லதுக்குத்தான். வியர்வையை உறிஞ்சும் உள்சட்டை, ஃப்ளீஸ், காற்றும் மழையும் புகாத மேலங்கி, இறகு ஜாக்கெட், குளிர்த்தொப்பி, இரண்டு அடுக்குக் கையுறை, நல்ல கறுப்புக் கண்ணாடி, நெற்றி விளக்கு, வாயையும் மூக்கையும் மூடும் துணி. இந்தத் துணி சின்னப் பொருள்தான். ஆனால் வறண்ட குளிர்க்காற்றால் வரும் தொண்டைக் கமறலும் இருமலும் கும்புவில் பலரைப் பாடாய்ப் படுத்தும். சுவாசத்தின் ஈரம் வெளியே போகாமல் பிடித்துவைக்கும் வேலையை இது செய்யும்.

பூட்ஸை மட்டும் ஊரிலேயே வாங்கி, காலுக்குப் பழகும்வரை நடந்துவிட்டு வாருங்கள். இறகு ஜாக்கெட்டும் தூக்கப்பையும் காத்மாண்டுவின் தமேல் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். தண்ணீருக்கு இரண்டு கெட்டியான பாட்டில்கள், குளோரின் மாத்திரை அல்லது வடிகட்டி. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை வாங்கவேண்டாம். அந்தக் குப்பை கீழே வர வழியில்லாத இடம் அது. 1991 முதல் சாகர்மாதா மாசுக் கட்டுப்பாட்டுக் குழு என்ற ஷெர்ப்பா மக்களின் அமைப்பு அந்தப் பள்ளத்தாக்கின் குப்பையோடு போராடுகிறது. நாம்சேயிலிருந்து லுக்லா வரை ஒரு கிலோ குப்பைப் பையை ஒவ்வொரு பயணியும் சுமந்துவரும் திட்டமும் இருக்கிறது. இறங்கும்போது ஒரு பையை வாங்கி உங்கள் பையின் பக்கத்தில் கட்டிக்கொள்ளுங்கள்.

6. லுக்லாவும் முதல் நாட்களும்

கூட்டமான மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. நள்ளிரவு தாண்டி ஜீப் ஏறி நான்கைந்து மணி நேரம் போய், ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்து பறக்க வேண்டும். இதை நிறுவனம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர்தான், மேல்நோக்கிச் சரிந்தது. ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பள்ளம். பார்வை தெளிவாக இருந்தால்தான் இறங்குவார்கள். காலையில் காத்திருக்கச் சொன்னால் கைடை நச்சரிக்காதீர்கள்.

லுக்லாவில் போர்ட்டரைச் சந்திப்பீர்கள். பெயர் கேட்டு, கைகுலுக்கி, உங்கள் பையின் எடையை அவர் முன்னாலேயே பாருங்கள். நேபாளியில் வயதில் மூத்தவரை "தாய்" (அண்ணன்) என்றும் இளையவரை "பாய்" (தம்பி) என்றும் கூப்பிடுவார்கள். லாட்ஜ் அம்மாவை "தீதீ" (அக்கா) என்று கூப்பிட்டால் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

பாதையில் மூன்று பழக்கங்கள். யாக், ஜோப்கியோ (யாக்கும் மாடும் கலந்த இனம்), கோவேறு கழுதைகள் வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றவர்களை அவற்றின் சுமை இடித்துத் தள்ளியிருக்கிறது. மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவரையும் ஸ்தூபியையும் வலமாகச் சுற்றிப் போகவேண்டும். கோயிலில் வலம்வந்து பழகிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொங்குபாலத்தில் எதிரே விலங்குகள் ஏறிவிட்டால் நீங்கள் ஏறாதீர்கள்.

நாம்சேக்கு ஏறும் நாள்தான் முதல் சோதனை. ஆற்றின் மேல் உயரத்தில் தொங்கும் பாலத்தைத் தாண்டியதும் விடாத ஏற்றம். கைடு முன்னால் நத்தை வேகத்தில் நடப்பார். அவரைத் தாண்டாதீர்கள். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார், மெதுவாக, மெதுவாக. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

நாம்சே ஓய்வு நாளில் படுத்திருக்கக் கூடாது. 3,880 மீட்டர் வரை ஏறி, கும்ஜுங் ஊரைப் பார்த்து, கீழே வந்து தூங்கவேண்டும். 1961-ல் எட்மண்ட் ஹிலாரி கட்டிய பள்ளி கும்ஜுங்கில் இருக்கிறது, பக்கத்து ஊர் குண்டேயில் 1966-ல் தொடங்கிய மருத்துவமனை. பின்னால் நிற்கும் கும்பிலா ஷெர்ப்பாக்களின் காவல் தெய்வம் குடியிருக்கும் மலை, அதில் யாரும் ஏறுவதில்லை. ஏடிஎம்மும் கடைசியாக நாம்சேயில்தான். மேலே எல்லாம் ரொக்கம்.

7. தெங்போசே முதல் காலா பத்தர் வரை

தெங்போசே மடாலயம் 1916-ல் எழுந்தது. 1934 நிலநடுக்கத்திலும் 1989 தீவிபத்திலும் அழிந்து, இரண்டு முறையும் மீண்டும் கட்டப்பட்டது. மாலைப் பிரார்த்தனைக்குப் பயணிகள் ஓரமாக உட்கார அனுமதி உண்டு. பூட்ஸைக் கழற்றிவிட்டு, போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். உங்கள் கைடு அங்கே சுற்றுலாக்காரர் அல்ல, வழிபட வந்தவர்.

டிங்போசேக்குப் பிறகு மரங்கள் கிடையாது. லோபுசே போகும் வழியில், துக்லாவுக்கு மேலே உள்ள கணவாயில் எவரெஸ்ட்டில் இறந்தவர்களுக்காக அடுக்கிய கற்கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றில் பல ஷெர்ப்பாக்களின் பெயர்கள். 2014 ஏப்ரல் 18 அன்று, பேஸ் கேம்ப்புக்கு மேலே உள்ள கும்பு பனியருவியில் சரிந்த பனியில் ஒரே காலையில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். உங்களோடு நிற்பவருக்கு அந்தப் பெயர்களில் சில தெரிந்த வீட்டுப் பெயர்களாக இருக்கலாம். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் கிளறாதீர்கள்.

பேஸ் கேம்ப்பிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது; பக்கத்து மலைகள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்க காலா பத்தர், சுமார் 5,550 மீட்டர் ஏறவேண்டும். இருட்டிலேயே கிளம்புவார்கள், குளிர் சுழியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இருக்கும். முந்தைய இரவு தூங்கமுடியாமல் தவித்திருந்தால் பேஸ் கேம்ப்போடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

8. உயரநோய்: கைடிடம் எதையும் மறைக்காதீர்கள்

தலைவலி, பசியின்மை, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை. இவற்றில் தலைவலியோடு இன்னொன்றும் சேர்ந்தால் உயரநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலேயே நில்லுங்கள். சரியானால் ஏறலாம், கூடினால் இறங்கவேண்டும்.

இரண்டு நிலைகள் உயிரைப் பறிக்கும். நுரையீரலில் நீர் கோப்பது ஒன்று: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல், உதடு நீலம், சளியில் நுரை. மூளை வீங்குவது மற்றொன்று: தள்ளாட்டம், குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, தீராத தூக்கம். கைடு ஒரு நேர்கோட்டைக் காட்டி, ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல்களைத் தொடும்படி வைத்து நடக்கச் சொல்வார். அதில் தடுமாறினால் பேச்சே இல்லை, உடனே இறக்கம். இரவு என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருந்தும் ஆக்ஸிஜனும் இறங்குவதற்கு நேரம் வாங்கித்தரும், இறக்கத்துக்கு மாற்றாகாது.

ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் வரும் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். விரல் குளிர்ந்திருந்தால் எண் இறங்கிக் காட்டும். நல்ல கைடு எண்ணைவிட உங்கள் தட்டைத்தான் பார்ப்பார். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தவர் இன்று பாதியை மிச்சம் வைக்கிறாரா, கலகலவென்று பேசியவர் மூலையில் உட்கார்ந்துவிட்டாரா, பூட்ஸ் கயிற்றைக் கட்ட வழக்கத்தைவிட நேரமாகிறதா. இவ்வளவு கவனிப்பவரிடம் "ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி மறைத்தால் இருவருக்குமே ஆபத்து. இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோமே, ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டோமே என்ற எண்ணம்தான் பலரை மறைக்கவைக்கிறது. அவர் திரும்பலாம் என்று சொன்னால் திரும்புங்கள். அதற்காகத்தான் அவரைத் தேடித்தேடி அமர்த்தினீர்கள்.

ஃபெரிசேயில் 1973 முதல் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் பருவகாலங்களில் இயங்குகிறது. பிற்பகலில் உயரநோய் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். டிங்போசே ஓய்வு நாளில் கைடோடு சேர்ந்து போய்க் கேட்கலாம். மது, தூக்க மாத்திரை இரண்டும் மேலே போகும்வரை வேண்டாம்.

9. லாட்ஜும் சாப்பாடும்

அறை பலகைச் சுவர், இரண்டு கட்டில், அவ்வளவுதான். சூடு சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்; மாலையானதும் நடுவில் உள்ள அடுப்பில் காய்ந்த யாக் சாணத்தைப் போட்டு மூட்டுவார்கள். தங்கும் இடத்திலேயே சாப்பிடுவது மரியாதை. அறை வாடகை குறைவு, லாட்ஜ்காரருக்கு வருமானம் சாப்பாட்டில்தான். மேலே போகப்போக விலை கூடும். ஒவ்வொரு மூட்டையும் முதுகில்தான் வருகிறது, பேரம் பேசாதீர்கள்.

பருப்பும் சோறுமான தால்பாத் நம் வாய்க்கு ஒத்துவரும், கேட்டால் மறுபடியும் பரிமாறுவார்கள். உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்டு, வெண்ணெயும் மிளகாயும் வைத்துத் தரும் ரிகிகுர் கிடைத்தால் விடாதீர்கள். கும்புவின் மண்ணில் விளைந்த சாப்பாடு அது. இறைச்சியை நாம்சேக்கு மேல் தொடவேண்டாம். கும்புவில் விலங்குகளை அறுக்கும் வழக்கம் இல்லாததால் அது கீழிருந்து பல நாள் சுமந்து வரப்பட்டது. சார்ஜ் ஏற்ற, வெந்நீர்க் குளியலுக்கு, வைஃபைக்குத் தனித்தனிக் காசு. பேட்டரிகளை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் இறங்கிவிடும்.

உங்களுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைப்பவர் பெரும்பாலும் உங்கள் கைடே. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகுதான் கைடுகளும் போர்ட்டர்களும் சாப்பிட உட்காருவார்கள். ஆகவே மறுநாள் காலை உணவை முந்தின இரவே சொல்லிவிட்டு, மேசையைச் சீக்கிரம் விட்டெழுந்தால் அவர்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் மிச்சம்.

10. சுமப்பவர்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

கும்பு பாதையில் போர்ட்டர் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஷெர்ப்பாக்கள் அல்லர். கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் ராய், தமாங், மகர் இளைஞர்கள். உயரம் அவர்களுக்கும் புதிது. உங்களுக்கு வரும் உயரநோய் அவர்களுக்கும் வரும். நாம்லோ என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகுச் சுமையை இழுப்பார்கள். கையில் டோக்மா என்ற குட்டையான கட்டைக்கோல். மேல்முனை குறுக்குக் கட்டை. மூச்சு வாங்கும்போது உட்காராமல், அந்தக் குறுக்குக் கட்டையை முதுகுக்குப் பின்னால் சுமைக்கு அடியில் ஊன்றி, பாரத்தை அதன்மேல் இறக்கிவிட்டு நின்றபடியே இளைப்பாறுவார்கள். உட்கார்ந்தால் மறுபடி எழ இன்னொருவர் கை வேண்டும்.

30 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான வரம்பு. இருவருக்கு ஒரு போர்ட்டர் என்றால் ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோவோடு நிறுத்துங்கள்; அவருடைய சொந்தப் பையும் அந்த முதுகில்தான் ஏறும். கையுறை, கறுப்புக் கண்ணாடி, கனமான ஜாக்கெட், நல்ல பூட்ஸ் அவரிடம் இருக்கிறதா என்று லுக்லாவிலேயே பாருங்கள். இல்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக் கொடுக்கச் செய்யுங்கள். இரவு அவர் எங்கே படுக்கிறார் என்று கைடிடம் தினமும் விசாரியுங்கள். நோய்ப்பட்ட போர்ட்டரைக் கணக்குத் தீர்த்துத் தனியாகக் கீழே அனுப்பிவிடக் கூடாது. மொழி தெரிந்த ஒருவர் துணையோடு, மருத்துவத்துக்கும் பணத்தோடு இறக்கவேண்டும். பன்னாட்டு போர்ட்டர் பாதுகாப்புக் குழு ஆண்டுக்கணக்காக வலியுறுத்துவது இதைத்தான். பயணி கேட்கும் இடத்தில் இவை நடக்கின்றன, கேட்காத இடத்தில் விட்டுப்போகின்றன.

11. கணக்கை முடிப்பது

அன்பளிப்பை லுக்லாவின் கடைசி மாலையிலேயே கொடுங்கள். போர்ட்டர்கள் பலர் அங்கிருந்தே தங்கள் ஊருக்கு நடந்து போய்விடுவார்கள். காத்மாண்டுவில் கொடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டால் அவர்கள் கைக்குச் சேராது. குழுவாகப் போயிருந்தால் பணத்தைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி உறையில் போட்டு, அவரவர் கையிலேயே கொடுங்கள். கைடிடம் மொத்தமாகக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் அவருக்கும் சங்கடம். நல்ல நிலையில் இருக்கும் கையுறையோ ஜாக்கெட்டோ கொடுக்க நினைத்தால் பணத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பணத்துக்குப் பதிலாக வேண்டாம்.

மறுநாள் விமானம் வராமல் போனால் லுக்லாவில் காத்திருக்கும் நாட்களுக்கும் கைடுக்குக் கூலியும் சாப்பாடும் உண்டு. அதை யார் தருவது என்பது பல ஒப்பந்தங்களில் எழுதப்படுவதில்லை. முன்பணம் அனுப்பும் முன்பே இந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.